மூன்றாவது படி

“ஜெஞ்சாரோமுக்கு லைன் இருக்கா, இல்லையா? ஒரு சொல்லில சொல்லும்.”

“ஒரு சொல்லுல சொல்ல முடியாது சார்.”

“அப்ப ரெண்டு சொல்லில.”

“போர்ட் இல்லை.”

வல்லிபுரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாற்பது வருடங்களாக ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டவர் தன் கண்ணாடியைக் கழற்றினால் கோபம் வரப்போகிறது என்று பொருள். அது பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ராஜினிக்குப் பத்தொன்பது வருடங்களாகத் தெரியும். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

வல்லிபுரத்துக்கு நான்கு கண்ணாடிக் கடைகள். பிரிக்பீல்ட்ஸில் தலைமைக் கடை. கிள்ளான், சுங்கை வே, ஜெஞ்சாரோம் மூன்றும் கிளைகள். வில்லை வெட்டும் பட்டறை சுங்கை வேயில் இருந்தது. கண்ணைச் சோதித்து எழுதிய சீட்டைக் கிளைக்காரர்கள் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். பட்டறையில் அந்தப் படத்தைப் பார்த்து வெட்டுவார்கள். போன வருடம் அப்படி வந்த படம் ஒன்றில் ஒரு கழித்தல் குறி மங்கிப்போயிற்று. கிள்ளான் வாத்தியார் ஒருவர், கிட்டப்பார்வைக்காரர், தூரப்பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையைவிட்டு இறங்கி, வாசல் சாக்கடையில் காலை விட்டார். அத்தோடு படம் அனுப்பும் வழக்கத்துக்கு முடிவுகட்ட வல்லிபுரம் தீர்மானித்தார். இனி நான்கு கடைகளும் ஒரே கணினி முறையில் ஓட வேண்டும். சீட்டு தட்டச்சாகித்தான் பட்டறைக்குப் போக வேண்டும். கடைகளை இணைக்க எந்த ரூட்டர், எந்த லைன் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை ராஜினியிடம் கொடுத்தார்.

அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தாள். தனிப்பட்ட லைன் நான்கு கடைக்கும் கட்டுப்படியாகாது. சாதாரண ஃபைபர் இணைப்பை வாங்கி, அதற்குள்ளேயே கம்பெனிக்கு மட்டும் ஒரு பூட்டிய பாதை போட்டுக்கொள்ளும் ரூட்டர்களைக் கடைக்கு ஒன்று வைத்தால் போதும். மூன்று கடைக்கு அது சரியாக அமைந்தது. நான்காவதில் மாட்டிக்கொண்டது.

“போர்ட் இல்லையெண்டால் என்ன?”

“கடைக்குப் பின்னால போஸ்ட்டுல ஒரு பெட்டி இருக்கு சார். அதுல எட்டு ஓட்டை. எட்டையும் ஆளுங்க எடுத்துட்டாங்க. ஒன்பதாவது ஆள் காத்திருக்கணும். நமக்கு முன்னாடியே ரெண்டு பேரு வெயிட்டிங்.”

“எத்தனை நாள்?”

“அவங்களுக்கே தெரியாதாம்.”

“அப்ப மூடுவம்,” என்றார் வல்லிபுரம். “மாசக் கடைசியில அந்தக் கடை லீஸ் முடியுது. லைன் இல்லாத கடைக்கு நான் திரும்பக் கையெழுத்துப் போட மாட்டன்.”

“கெர்ட்ரூட் அக்கா?”

“கிள்ளான்ல ஏற்கெனவே ஆள் கூட. சுங்கை வேயிலயும் கூட. என்ன செய்யிறது?”

ஜெஞ்சாரோம் கடையைத் தனியாளாக நடத்திவந்தவர் கெர்ட்ரூட். வயது ஐம்பத்தேழு. ராஜினி கோப்பின் ஓரத்தை நகத்தால் கீறினாள். இரண்டு வருடத்துக்கு முன், ஐந்தாவதாக இருந்த காஜாங் கடையை மூடலாம் என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான். நான்கு வரி. அந்த நான்கு வரியைப் பற்றி அவளிடம் யாரும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

“சிம் போட்ட ரூட்டர் இருக்கு சார். போன் சிக்னல்லயே ஓடும். போய்ச் சோதிச்சுப் பாக்கிறேன்.”

“பாத்துட்டு எழுதும். நீர் எழுதுறதுதான் முடிவு.”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ராஜினி ஜெஞ்சாரோமில் இருந்தாள். கூடவே தம்புசாமி. ரூட்டர் விற்பவரும் அவர்தான், கம்பி இழுப்பவரும் அவர்தான். வேன்மேல் எப்போதும் ஓர் ஏணி, காதில் எப்போதும் ஒரு பென்சில்.

கடை, பெரிய சாலையிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே. கீழே கடை, மேலே வீடு. கெர்ட்ரூட் இருபத்திரண்டு வருடங்களாகக் கீழே வேலை பார்த்தார். பதினைந்து வருடங்களாக மேலே குடியிருந்தார். கடையின் உள்மூலையிலிருந்தே மரப்படி ஏறியது.

“வாங்க மேடம், வாங்க. கடைய மூட வந்தீங்களா, மூடாம இருக்க வந்தீங்களா?”

“அளந்து பாக்க வந்தேன்கா.”

“எனக்கா?”

“சிக்னலுக்கு.”

“அப்ப சரி. எனக்கு அளந்தா துணி பத்தாது லா.”

தம்புசாமி சோதனை ரூட்டரைக் கண்ணாடி அலமாரிமேல் வைத்தார், சன்னலில் வைத்தார், கண் சோதிக்கும் சின்ன அறையில் வைத்தார். நான்கு கம்பெனி சிம்மையும் ஒன்று மாற்றி ஒன்று போட்டார். எண்கள் ஓடி நின்றன.

“அடேயப்பா! இங்க பாருங்க மேடம். பிரிக்பீல்ட்ஸ்லகூட இப்படி வராது.”

“இவ்வளவு வேகமா?”

“சுத்தி செம்பனை மேடம். மரத்துக்குப் போன் கிடையாதுல்ல. சிக்னல் எல்லாம் நமக்கே.”

கெர்ட்ரூட் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்து, பென்சில் எழுதிய எண்களை எட்டிப் பார்த்தார்.

“அப்ப எந்த நேரமும் இப்படியே ஓடுமா தம்புசாமி?”

“டவர் எங்கயும் எழுந்து போகாதுக்கா.”

கெர்ட்ரூட் வேறு ஏதோ கேட்க வாய் திறந்தார். கண்ணாடிக் கால் உடைந்த ஒரு சீன அம்மா உள்ளே வந்ததால் அந்தப் பக்கம் போய்விட்டார். ராஜினி எண்களை எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது கெர்ட்ரூட் வாசல்வரை வந்தார். சிரிக்கவில்லை.

“கடை இருக்கும்ல ராஜினி?”

“இருக்கும்கா.”

அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜெஞ்சாரோம்: சிக்னல் மிக நன்று, இரண்டு சிம் போடும் ரூட்டர் போதும். சின்னக் கடை, ஆகவே சின்ன மாடல். பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் பெரிய மாடல். வல்லிபுரம் கண்ணாடியைப் போட்டபடியே படித்தார்.

“நல்லது. ஓடுறதைப் பாத்துட்டு லீஸுக்குக் கையெழுத்துப் போடுறன்.”

அடுத்த வியாழக்கிழமை பொருத்துவதாக ஏற்பாடு. காலையில் கிள்ளான், மதியம் ஜெஞ்சாரோம். கிள்ளான் கடைச் சுவர் பழைய காலத்துச் சுவர். துளைக்கத் துளைக்க டிரில் ஊசி உடைந்தது. முடித்து வெளியே வரும்போது மணி நான்கரை. ஜெஞ்சாரோம் திருப்பத்தில் தம்புசாமி வேனை நிறுத்தினார். சாலையின் இருபக்கமும் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாத்தே கறி சுடும் புகை கிளம்பிவிட்டது.

“என்னண்ணே இது?”

“இன்னைக்கு இங்க பாசார் மாலாம் போல மேடம். வேன் உள்ள போகாது. நடங்க.”

அவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். இரவுச் சந்தையின் காய்கறித் தட்டுகளையும் தொங்கும் சட்டைகளையும் விலக்கிக்கொண்டு ராஜினி பின்னால் போனாள். கடைக்குள் எட்டுப் பத்துப் பேர். உட்கார நாற்காலி இல்லை.

“நல்ல நாள் பாத்து வந்தீங்க!” கெர்ட்ரூட் கண் சோதிக்கும் அறையிலிருந்து கத்தினார். “அந்த மூலையில வச்சுக்குங்க. யாரு காலையும் மிதிச்சிராதீங்க.”

ஐந்தே முக்காலுக்கு ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. முதல் சீட்டைக் கெர்ட்ரூட் ஒரு விரலால் தட்டினார், போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது. ஆறேகாலுக்கு வெளியே விளக்குகள் போட்டார்கள். கூட்டம் தெருவை அடைத்தது. மூன்றாவது சீட்டு யோசித்து யோசித்துப் போயிற்று. ஆறரைக்கு நான்காவது சீட்டு திரையில் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

சீட்டுக்குரியவர் ஒரு லோரி டிரைவர். ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஆன்டி, என் கண்ணு பினாங்குக்குப் போயிருச்சா?”

“வந்துரும் தம்பி. இருங்க.”

தம்புசாமி ஒரு சிம்மை எடுத்து இன்னொன்றைப் போட்டார். பிறகு அதை எடுத்துவிட்டு மூன்றாவதைப் போட்டார்.

“எல்லாத்துலயும் சிக்னல் கட்டம் நிறையக் காட்டுது மேடம். ஆனா ஒண்ணும் நகரல.”

“அன்னைக்கு அவ்வளவு வேகம் வந்துச்சே?”

அவர் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

“அன்னைக்கு மரம். இன்னைக்கு ஆளு. ஆளுக்கு ஒரு போன். காய்கறிக்காரன்ல இருந்து செருப்புக்காரன்வரைக்கும் கியூஆர்லதான் காசு வாங்குறான். டவர் ஒண்ணுதானே.”

“வியாழக்கிழமைன்னா இப்படித்தான்,” என்றார் கெர்ட்ரூட். “ஆறரைக்கு ஆரம்பிச்சா ஒன்பதுவரைக்கும் போன் சுத்திக்கிட்டே இருக்கும்.”

“ஏன்கா அன்னைக்கே சொல்லல?”

“நீங்க சிக்னல் இருக்கான்னு பாத்தீங்க. இருந்துச்சு. அவரு பென்சிலால எழுதுனாரு. பெரிய விஷயம் போலன்னு ஒதுங்கி நின்னேன். கேக்கலாம்னு வந்தேன், கால் உடைஞ்ச கண்ணாடி வந்துருச்சு.”

“மத்த நாள்ல இந்த மாதிரி கூட்டம் வருமா?”

“மத்த நாள்ல ஈதான் வரும். நம்ம யாவாரமே இந்தச் சாயங்காலந்தான். அப்புறம் சீனப் புத்தாண்டுக்கு அந்தப் புத்தர் கோயில்ல விளக்கு போடுவாங்களே, அப்போ பதினஞ்சு நாளும் வியாழக்கிழமைதான்.”

ராஜினி கோப்பைத் திறந்தாள். கெர்ட்ரூட் அவள் முகத்தைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

“நீங்க இதை எழுதாதீங்க. எழுதி என்ன ஆகப் போகுது? வியாழக்கிழமை சீட்ட நான் நோட்டுல எழுதி வச்சுக்கறேன். வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் எறங்கி வந்து எல்லாத்தையும் தட்டிப்புடறேன். உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவ்வளவுதான்.”

“நோட்டப் பாத்துத் தட்டும்போதுதான் கழித்தல் குறி காணாமப் போகும்கா.”

“எனக்கு ஒரு தடவைகூடப் போனதில்ல.”

“போனதில்ல. தெரியும்.”

“அப்புறம்?”

லோரி டிரைவர் எழுந்து நின்றார்.

“ஆன்டி, சனிக்கிழமை நான் ஜொகூர் ஏறணும். கண்ணாடி கிடைக்குமா, கிடைக்காதா?”

“கிடைக்கும்பா, உக்காரு.”

கெர்ட்ரூட் பழைய வழக்கப்படி ஒரு சீட்டை எடுத்து எழுதினார். படம் பிடித்தார். கடையின் உள்மூலைக்குப் போய், படியேறினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது படியில் நின்று போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். கடையில் இருந்தவர்கள் யாரும் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துப் பழகியவர்கள் போலிருந்தது.

“போயிருச்சு,” என்று இறங்கி வந்தார்.

“எப்படிப் போச்சு?”

“அங்க நின்னா போகும்.” போனைக் காட்டினார். இரண்டு நீல டிக். சுங்கை வே பார்த்துவிட்டது.

ராஜினி தானும் போய் மூன்றாவது படியில் நின்றாள். போனைத் தூக்கிப் பிடித்தாள். அவள் போன் சுற்றிக்கொண்டே இருந்தது.

“உங்களுக்குப் போகாது. எனக்கு மட்டுந்தான் போகும்.”

“அதெப்படிக்கா?”

“எனக்கென்ன தெரியும்? நாலு வருஷமா அங்க நின்னுதான் அனுப்புறேன். ரெண்டாவது படியில போகாது. நாலாவது படியிலயும் போகும், மூட்டு வலிக்குதுன்னு ஏறுறதில்ல.”

தம்புசாமி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கூரையைக் காட்டினார்.

“அக்கா, மேல வீட்டுல நெட் இருக்கா?”

“இருக்கு. என் மக ஜானிஸ் மெல்பர்ன் போறதுக்கு முன்னாடி அவங்கப்பாவுக்குப் போட்டுக் குடுத்துட்டுப் போனா.”

“அதைத்தான் உங்க போன் பிடிக்குது. அந்தப் படிவரைக்கும்தான் எட்டுது.”

“அப்ப அது டவர் இல்லையா?”

“இல்லக்கா.”

“போச்சுடா! நாலு வருஷமா நான் மாதாவுக்கில்ல நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன்!”

லோரி டிரைவர் சத்தமாகச் சிரித்தார். ராஜினி சிரிக்கவில்லை. பின்னால் இருக்கும் பெட்டியில் எட்டு ஓட்டை. எட்டில் ஒன்று இந்தப் படியின் உச்சியில் இருந்தது. கடைக்கு லைன் கேட்டு அவள் மூன்று இடத்துக்கு எழுதியிருந்தாள். கெர்ட்ரூடிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கடையைப் பற்றித்தான் கேட்டிருப்பாள்.

மேலே கெர்ட்ரூடின் கணவர் டொமினிக் சாய்வு நாற்காலியில் இருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே மேசையில் டேப்லட். அதில் ஜானிஸ், மடியில் ஒரு குழந்தை. மாதா படத்துக்குக் கீழே இணைப்புப் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தம்புசாமி அதைக் குனிந்து பார்த்து, நல்ல சேதி சொல்லும் டாக்டர்போலத் தலையை ஆட்டினார்.

ராஜினி விஷயத்தைச் சொன்னாள். டொமினிக் கடைசிவரை கேட்டார்.

“இதுக்கா இவ்வளவு? நான் நாளைக்கே கேன்சல் பண்ணிடறேன். நீங்க புதுசா எடுத்துக்குங்க.”

“ஐயோ அங்கிள், அத மட்டும் செஞ்சிராதீங்க!” தம்புசாமி நிமிர்ந்தார். “நீங்க விட்ட மறுநிமிஷம் அந்த ஓட்டை வரிசையில முன்னாடி இருக்கிறவனுக்குப் போயிரும். உங்களுக்கும் இல்ல, கடைக்கும் இல்ல. பேரைத்தான் மாத்தணும். வீட்டு லைன கடை லைனா, உங்க பேர்ல இருந்து கம்பெனி பேருக்கு.”

“அப்ப நான் ஜானிஸ எதுல பாக்குறது?”

“உங்களுக்குத் தனி வழி விட்டுருவோம் அங்கிள். இங்க வர்ற லைன கீழ கடை ரூட்டருக்கு இறக்கி, அதுல இருந்து இன்னொரு வயர மேல ஏத்தி…”

“இருங்க. என் வீட்டுக்கு வர்ற லைனு கீழ கடைக்குப் போகும். கடையில இருந்து மறுபடி என் வீட்டுக்கு வரும். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“வீட்டோட வந்த மாப்பிள்ளை மாமனாருக்கே ரூம் வாடகைக்கு விட்ட கதையால்ல இருக்கு.”

“டேடி, யாரு அங்க?” என்றாள் டேப்லட்டில் ஜானிஸ்.

“உங்கம்மா கம்பெனி. நம்ம லைன பொண்ணு கேட்டு வந்திருக்காங்க.”

“சும்மா இருங்க நீங்க,” என்றார் கெர்ட்ரூட். “கடை போனா என் வேலை போகும். வேலை போனா வீடு? வாடகைக்கு உங்க பென்ஷன் காணுமா?”

“நான் தர மாட்டேன்னா சொன்னேன்? கேக்கவும் கூடாதா?” டொமினிக் ராஜினி பக்கம் திரும்பினார். “மேடம், இவளுக்கு இன்னும் மூணு வருஷத்துல அறுபது. ரிட்டையர். அன்னைக்கு இந்த லைனு யாருக்கு?”

ராஜினி இணைப்புப் பெட்டியைப் பார்த்தாள்.

“கம்பெனி கழட்டிக்கிட்டுப் போகும். நான் ஒன்பதாவது ஆளாப் போய் வரிசையில நிக்கணும். முப்பது வருஷம் பிளாட்பாரத்துல நின்னவன் நான், நிக்கிறது எனக்குப் புதுசில்ல. ஆனா இந்தப் புள்ளைக்கு இப்பதான் பல்லு முளைக்குது. பாருங்க.”

குழந்தை திரையில் வாயைத் திறந்து காட்டியது. கீழே இரண்டு பல்.

“லைன் உங்க பேருக்கே திரும்பி வரும் அங்கிள்.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

“எழுதித் தரேன்.”

“உங்க கையெழுத்து வேணாம். கோவிச்சுக்காதீங்க. உங்க முதலாளி கையெழுத்து வேணும்.”

இறங்கும்போது படியில் தம்புசாமி அவளை நிறுத்தினார்.

“இன்னொண்ணு மேடம். நீங்க இந்தக் கடைக்கு எடுத்தது சின்ன மாடல். அதுல ரெண்டு வழியா பிரிக்க முடியாது. மேல அங்கிள் பாக்குற படமும் கீழ ஜனங்க கண்ணுச் சீட்டும் ஒண்ணா ஓடும். பெரியதுதான் வேணும்.”

“கிள்ளான்ல மாட்டுனது?”

“அது பெரியது.”

“கழட்டுங்க. இந்தச் சின்னதை அங்க மாட்டுங்க.”

“காலையில அஞ்சு ஊசி உடைச்சேன் மேடம், அதை மாட்ட!”

“ஓட்டை அப்படியே இருக்கட்டும்ணே. பெட்டிதானே மாறுது.”

மறுநாள் காலை வல்லிபுரத்தின் அறையில் அவள் உட்காரவில்லை.

“என் ரிப்போர்ட் பிழை சார்.”

கண்ணாடி கழன்று மேசைக்கு வந்தது.

“எங்க பிழை?”

“செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்குச் சோதிச்சேன்.”

“அதில என்ன?”

“அந்த நேரத்துல அங்க யாரும் கண்ணாடி வாங்குறதில்ல.”

ஒரு தாளை அவர் முன் நகர்த்தினாள். போன வருடம் ஜெஞ்சாரோமிலிருந்து வந்த சீட்டுகள், நாள்வாரியாக. பாதிக்குமேல் வியாழக்கிழமை, ஆறரைக்குப் பிறகு. சிம் ரூட்டர் அந்த நேரத்தில் நின்றுபோனதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

“அப்ப நான் முதல்லயே சொன்னது சரி. மூடுவம்.”

“ஒரு லைன் இருக்கு சார்.” மேல்வீட்டு இணைப்பைச் சொன்னாள்.

“வேலை செய்யிற ஆளின்ட வீட்டு லைனில என்ட கொம்பனி தொங்குறதோ?”

“நாலு வருஷமா தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு சார். இந்தத் தாள்ல இருக்கிற வியாழக்கிழமை சீட்டெல்லாம் அந்த லைன்லதான் வந்திருக்கு. கெர்ட்ரூட் அக்கா மூணாவது படியில ஏறி நின்னு, போனைத் தூக்கிப் பிடிச்சு அனுப்புறாங்க. அவங்களுக்கே அது வீட்டு நெட்டுன்னு தெரியாது.”

வல்லிபுரம் தாளைப் பார்த்தார். விரலால் வியாழக்கிழமைகளைத் தடவிக்கொண்டே கீழே வந்தார்.

“மூண்டாவது படியோ?”

“ரெண்டாவதுல எட்டாது. நாலாவதுல மூட்டு வலி.”

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ராஜினி அடுத்த தாளை வைத்தாள். அதில் ஒரே ஒரு பத்தி. கெர்ட்ரூட் வேலையை விட்டாலும் சரி, கடை மூடினாலும் சரி, நிறுவனம் இந்த இணைப்பை ரத்து செய்யாமல் டொமினிக் பெயருக்கே மாற்றித் தரும்.

“ஆர் இந்த டொமினிக்?”

“அக்கா வீட்டுக்காரர். ரயில்வேயில கார்டா இருந்தவர்.”

“என்னில நம்பிக்கை இல்லையாமோ?”

“என் கையெழுத்தும் வேண்டாம்னுட்டார் சார்.”

வல்லிபுரம் பேனாவைத் திறந்தார். “இந்த மனுசன் நம்மட பட்டறையில இருந்திருந்தால் அந்த வாத்தியார் சாக்கடையில விழுந்திருக்க மாட்டார்,” என்று கையெழுத்துப் போட்டார். “ஆனா லீஸ் வேற விஷயம். வியாழக்கிழமை ஓடட்டும். நான் பாக்க வேணும்.”

பெயர் மாற்றம் பத்து நாள் எடுத்தது. தம்புசாமி சின்ன ரூட்டரைக் கிள்ளானுக்கும் பெரியதை ஜெஞ்சாரோமுக்கும் மாற்றினார். லைன் நின்றால் உதவிக்கு இருக்கட்டும் என்று இரண்டு சிம்மையும் பெரியதற்குள்ளேயே போட்டுவைத்தார். படியோரச் சுவரில் இரண்டு வயர், ஒன்று இறங்க, ஒன்று ஏற. டொமினிக் ஓர் அட்டையில் “தொடாதே” என்று தமிழிலும் மலாயிலும் எழுதி வயரில் கட்டினார். சீனத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் எழுதி வாங்கினார்.

லீஸ் முடிய நான்கு நாள் இருந்தது, அந்த மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. ஐந்தரைக்கு அலுவலகத்தில் எல்லாரும் கிளம்பினார்கள். ராஜினி கிளம்பவில்லை. வல்லிபுரமும் கிளம்பவில்லை. அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலையில் படித்த பேப்பரைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். ராஜினியின் திரையில் நான்கு கடைக்கு நான்கு புள்ளி. நான்கும் பச்சை.

ஆறரை. ஆறு நாற்பது. ஜெஞ்சாரோம் புள்ளி பச்சையாகவே இருந்தது. சீட்டு எதுவும் வரவில்லை.

“என்னவாம்?” அறையிலிருந்து குரல்.

“லைன் இருக்கு சார். ஆள் வரல போல.”

“மழையோ அங்க?”

“தெரியல சார்.”

பேப்பர் திரும்பும் சத்தம். ராஜினி போனை எடுத்தாள், வைத்தாள்.

ஆறு ஐம்பத்திரண்டுக்குத் திரையில் ஒரு வரி முளைத்தது. பெயர், வலது கண், இடது கண். இரண்டு எண்களுக்கும் முன்னால் கழித்தல் குறி, கறுப்பாக, கோடு போட்டதுபோல. பத்து நொடியில் சுங்கை வே அதை எடுத்துக்கொண்டது. அடுத்த சீட்டு வந்தது. அதற்கடுத்தது.

பிறகு அவள் போன் துள்ளியது. முதல் சீட்டேதான், படமாக. கை ஆடியிருந்தது, கழித்தல் குறி பாதிதான் தெரிந்தது. ராஜினி கெர்ட்ரூடைக் கூப்பிட்டாள்.

“அக்கா, சிஸ்டத்துல வந்திருச்சு. படம் எதுக்கு?”

“வந்துருச்சா? நெசமாவா?”

“மூணும் வந்துருச்சு. சுங்கை வேயில எடுத்துட்டாங்க.”

“சும்மா ஒரு இதுக்கு அனுப்புனேன்.”

“எங்க நிக்கிறீங்க?”

மறுமுனையில் மரப்படி கிரீச்சிட்டது.

“படியிலதான்.”

அதற்கும் மேலேயிருந்து இன்னொரு குரல் இறங்கி வந்தது. “கெர்ட்ரூட்! ஒண்ணு ஏறு, இல்ல எறங்கு! நடுவுல நிக்காத, வயர்ல முட்டுற!”

ராஜினி போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டாள். வல்லிபுரம் பேப்பரை மடித்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஓடுதோ?”

“ஓடுது சார்.”

“கெர்ட்ரூட் எங்க?”

“படியில.”

“கீழ இறங்கச் சொல்லும்,” என்றார் வல்லிபுரம். “அந்த லீஸ் பேப்பரைக் கொண்டு வாரும்.”